குடிபுகும் ஊரை அறிதல்: பிடோக் நகர் வரலாறு கூறும் பாடம்

புகார் நகரை விட்டு மதுரைக்குக் குடிபெயர்ந்த கோவலன், அந்நகரை அடைந்ததும் செய்த முதற்செயல் ஊர் காணப் புறப்பட்டதேயாகும். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விடுத்து, மதிலைக் கடந்து உள்ளே சென்று, மணி விற்கும் தெருவையும் பொன் விற்கும் தெருவையும் அறுவை வீதியையும் கூலக் கடைகளையும் கண்டு மகிழ்ந்து மீண்டான் என்று சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை விரித்துரைக்கின்றது. ஒரு நகரில் கண்ணாற் காணக்கூடியவற்றையெல்லாம் அவன் கண்டுவிட்டான். ஆயினும் அந்நகரின் நடைமுறையை அவன் அறிந்தானல்லன். அரண்மனைப் பொற்கொல்லனின் சொல் அரசனிடத்தில் எத்துணை ஏறும் என்பதையோ, அறிமுகமற்ற அயலூரான் ஒருவன் விலையுயர்ந்த சிலம்பொன்றைத் தனியே விற்கப் புகுந்தால் என்ன நேரும் என்பதையோ அவனுக்கு எடுத்துரைப்பார் ஒருவரும் இலர். அவ்வறியாமையின் விலை அவன் உயிராயிற்று.

ஊரைக் காண்பது வேறு. ஊரை அறிவது வேறு. கடைத்தெரு எங்கே, பேருந்து எங்கே, அரிசி என்ன விலை என்பன கண்டும் கேட்டும் ஒரு வாரத்திற்குள் விளங்கிவிடும். அவ்வூர் எவ்வாறு உண்டாயிற்று, அங்கே வீடுகள் எம்முறையில் பகிரப்படுகின்றன, நம் மொழி அங்கே எதனைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றது என்பனவோ வரலாற்றைப் புரட்டினாலன்றி விளங்கா. கடல் கடந்து சென்ற தமிழர் பலமுறை இடம் மாறியவர்கள். அவர்தம் இடமாற்றங்களின் வரலாற்றைச் சிங்கப்பூரின் கிழக்கேயுள்ள பிடோக் என்னும் நகரைக் கொண்டு ஆராய்வது பயனுடைத்து.

சிங்கப்பூர்த் தமிழர் என்றவுடன் சிராங்கூன் சாலையே எவர்க்கும் நினைவுக்கு வரும். ஆனால் இன்று அந்நாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் வாழ்வது சிராங்கூன் சாலையில் அன்று. தீவெங்கும் எழுந்துள்ள அடுக்குமாடி நகரங்களில்தான். அத்தகைய நகரங்களுள் ஒன்றே பிடோக். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 277,000 பேர் வாழ்ந்தனர். சிங்கப்பூரின் வட்டாரங்களுள் அவ்வாண்டில் மக்கள்தொகையால் முதலிடம் பெற்றது அதுவேயாகும்.

முரசின் பெயர் பெற்ற ஊர்

பிடோக் என்பது மலாய்மொழி வழிவந்த பெயர். ஒலிபெருக்கி தோன்றாத காலத்தில், பள்ளிவாசல்களில் தொழுகை நேரத்தை அறிவிக்கப் பெருமுரசு ஒன்றை முழக்குவது மலாய் மக்களின் வழக்கம். அம்முரசின் பெயரே ஊர்ப்பெயராயிற்று என்பர். சிறு மீன்பிடி படகைக் குறிக்கும் 'பிடுக்' என்னும் சொல்லே இவ்வாறு திரிந்தது என்று கொள்வாரும் உளர். இரண்டனுள் எது மெய்யாயினும் பெயரின் பழமை ஐயத்திற்கு இடமற்றது. மலாக்காவிற் பிறந்த போர்த்துகீசியரான எரேடியா 1604ஆம் ஆண்டில் வரைந்த நிலப்படத்திலேயே 'பொடோ' என்னும் ஆற்றின் பெயர் காணப்படுகின்றது. ராஃபிள்ஸ் இத்தீவில் கால்வைத்த 1819ஆம் ஆண்டிற்கு இரு நூற்றாண்டுகட்கு முற்பட்ட சான்று அது.

அண்டை ஊர்ப்பெயர்களும் வரலாறு பேசுவனவே. சாய் சீ என்பது சீனரின் பேச்சு வழக்கில் காய்கறிச் சந்தையைக் குறிக்கும். சிக்ளாப் என்பது இருள் என்னும் பொருள்படும் மலாய்ச் சொல்லோடு தொடர்புடையது. கடலோரமெங்கும் தென்னந்தோப்புகள் அடர்ந்திருந்தன. மலாய் மீனவரும் சீனக் குடியானவரும் ஆங்காங்கே கம்பங்களில் வாழ்ந்தனர். கம்பம் என்பது மலாய் மொழியில் சிற்றூரைக் குறிக்கும் சொல். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழில் அது நிலைத்துவிட்டது.

வீரமுரசு, கொடைமுரசு, மணமுரசு என முரசை வகைப்படுத்திப் போற்றிய தமிழர்க்கு, முரசின் பெயரால் ஓர் ஊர் வழங்குவது வியப்பைத் தாராது. ஆனால் அப்பெயருள் அடங்கியுள்ள ஒரு செய்தி கருதத்தக்கது. முரசொலி எட்டும் தொலைவே பழைய ஊரின் எல்லையாக இருந்தது. ஒரே ஒலியைக் கேட்டோர் ஒரே ஊரினர். அவ்வெல்லைக்குள் மொழியையும் வழக்கத்தையும் தனியே காக்கவேண்டிய தேவை எவர்க்கும் எழவில்லை.

ஆளை நம்பி வந்த காலம்

சிங்கப்பூருக்குத் தமிழர் வந்து குடியேறிய முறையும் ஏறத்தாழ அத்தகையதே. 1819ஆம் ஆண்டில் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் 'இந்தியானா' என்னும் கப்பலில் வந்த நாராயண பிள்ளை, செங்கற்சூளை ஒன்றை அமைத்து, பினாங்கிலுள்ள தம்மவர்க்குச் செய்தி அனுப்பி வேலையாட்களை வருவித்தார். சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் 1827ஆம் ஆண்டில் எழுந்தது. அதனருகே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவினர். 1822ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நகரத் திட்டமே, சீனர்க்கு ஓரிடம், பூகிஸ் மக்கட்கு ஓரிடம், அராபியர்க்கு ஓரிடம், சூலியர்க்கு ஓரிடம் என்று இனவாரியாக நிலத்தைக் கூறுபடுத்தியிருந்தது. ஆகவே புதிதாக வருவோர் தம்மினத்தார் வாழும் தெருவைத் தேடிச் செல்வது இயல்பும் சட்டமும் ஒருங்கே காட்டிய வழியாயிற்று.

செட்டிநாட்டு இளைஞன் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் இறங்கினான். அங்கேயே உண்டு, உறங்கி, கணக்கெழுதப் பழகினான். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்தோர் தஞ்சோங் பகார் வட்டாரத்தை நாடினர். ஈழத்திலிருந்து எழுத்தர் பணிக்கு வந்தோருட் பலர் காத்தோங் பக்கத்திலுள்ள சிலோன் சாலையின் செண்பக விநாயகர் கோயிலைச் சூழ்ந்து ஒன்றுகூடினர். பிடோக்குக்கு மேற்கே சிறு தொலைவில் இன்றும் அக்கோயில் விளங்குகின்றது. கப்பற்றளத்திற்கு உழைக்க வந்தோர் செம்பவாங்கில் குடியிருந்தனர். மாடும் எருமையும் வணிகம் செய்தோரும் சுண்ணாம்புக் காளவாயில் உழைத்தோரும் சிராங்கூன் சாலையை அடைந்தனர். அவ்வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே அந்நாளைய தமிழர் வழங்கினர். சாலையைச் சடக்கு என்றனர். ஒரு நகருக்குத் தம் மொழியிலேயே பெயரிட்டு வழங்கும் அளவிற்கு அவர்கள் நெருங்கி வாழ்ந்தனர் என்பதற்கு இப்பெயர்களே சான்றாகும்.

அந்நாளில் புதிய ஊருக்குப் புறப்படுவோன் அறிந்திருக்கவேண்டியவை இரண்டே: யாருடைய ஆள், எங்கே இறங்குவது. எஞ்சியவற்றை அவனை வருவித்தவர் பார்த்துக்கொள்வார். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏறியோர், கரை சேர்ந்ததும் நோய்த்தடுப்பு முகாமில் தங்கவைக்கப்படுவதுண்டு. சிங்கப்பூரில் 1874ஆம் ஆண்டு முதல் அதற்கென அமைந்த இடம் செயின்ட் ஜான்ஸ் தீவு. அங்கிருந்து வெளிவந்தவனைக் கொண்டு செல்ல அவனுடைய ஊர்க்காரரோ உறவினரோ கங்காணியோ காத்திருப்பர்.

இம்முறையின் நிழலும் மறக்கத்தக்கதன்று. ஆளை நம்பி வந்தவன் அந்த ஆளுக்கே அடிமைப்பட்டான். தோட்டப்புறங்களில் கங்காணி தன்கீழ் வேலைக்கு வந்த தலைகளை எண்ணிக் காசு பெற்றான். வழிச்செலவும் முன்பணமும் கடனாகி உழைப்பவனைச் சூழ்ந்தன. இந்திய அரசு 1938ஆம் ஆண்டில் உடலுழைப்பாளரை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்ததும் கங்காணி முறை முடிவுற்றது. 1953ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், விரும்பியவர் விரும்பியபோது வந்து போகும் வழக்கத்திற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதுவரை இங்கும் அங்குமாக வாழ்ந்த தமிழன், எது தன் ஊர் என்று முடிவு செய்தாகவேண்டிய நிலை பிறந்தது. 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொள்ளுமாறு தமிழவேள் கோ. சாரங்கபாணி தமிழரை இடைவிடாது வற்புறுத்தியதன் காரணம் இதுவே. குடியுரிமை பெற்றவர்க்கே பின்னாளில் வீட்டுரிமை எளிதாயிற்று.

குன்று கடலாயிற்று, கம்பம் நகராயிற்று

1960ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிற்று. 1964ஆம் ஆண்டில் வீடுகளை மக்கட்கு விற்கும் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டே வீடு வாங்க வழி பிறந்தது. இவற்றோடு 1966ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டமும் சேர்ந்து, தீவின் முகத்தையே மாற்றிவிட்டது.

பிடோக்கில் அம்மாற்றம் மண்ணளவிலேயே நிகழ்ந்தது. கிழக்குக் கரையில் கடலைத் தூர்க்கும் பெருந்திட்டம் 1966ஆம் ஆண்டில் தொடங்கி 1985ஆம் ஆண்டுவரை நடந்து, ஏறத்தாழ 1,525 ஹெக்டர் புதுநிலத்தை உண்டாக்கிற்று. அதற்கு வேண்டிய மண், பிடோக், சிக்ளாப் பகுதிகளின் குன்றுகளை வெட்டிப் பெறப்பட்டது. வெட்டிய மண் நீண்ட ஓடுபட்டைகளின் வழியே இரவுபகலாகக் கடலை நோக்கிச் சென்றது. குன்று இருந்த இடம் சமநிலமாயிற்று. அலை இருந்த இடம் தரையாயிற்று. கடற்கரையில் வீடு கட்டியிருந்தோர், வீட்டை விட்டு நகராமலே கடலை விட்டு விலகினர். சமமாக்கப்பட்ட நிலத்தில் 1970களில் பிடோக் புதுநகர் எழுந்தது. மணல் தோண்டிய பெரும்பள்ளம் ஒன்று 1986ஆம் ஆண்டில் பிடோக் நீர்த்தேக்கமாயிற்று.

கம்பங்களில் வாழ்ந்தோர்க்கு இழப்பீடு தரப்பட்டது. வீட்டிற்கும் பயிருக்கும் பழமரங்களுக்கும் கூடக் கணக்கிட்டனர். மின்விளக்கும் குழாய்நீரும் நவீனக் கழிப்பறையும் உறுதியான கூரையும் கிடைத்தன. வெள்ளமும் தீயும் அஞ்சியிருந்த மக்களுக்கு இவை சிறு பேறுகள் அல்ல. இவற்றைக் குறைத்துப் பேசுவோர் ஓலைக்கூரை ஒழுகிய இரவுகளை அறியாதவர். ஆனால் இழப்பீட்டுக் கணக்கில் ஏறாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் அண்டை வீடு. ஒரே கம்பத்திலோ ஒரே குடியிருப்பு வரிசையிலோ முப்பது ஆண்டுகள் வாழ்ந்த குடும்பங்கள், வரிசைமுறைப்படி வீடு கிடைத்த இடத்திற்கு ஒவ்வொன்றாகப் பிரிந்து சென்றன. பிரிட்டிஷ் படைகள் 1971ஆம் ஆண்டில் வெளியேறியபோது கடற்படைத் தளத்தை நம்பி வாழ்ந்த இந்தியருட் பலர் தாயகம் திரும்பினர். தங்கியோர் புதுநகரங்களில் கலந்தனர். ஆளை நம்பி இடம்பெயர்ந்த காலம் மறைந்து, விண்ணப்பத்தை நம்பி இடம்பெயரும் காலம் வந்தது.

1989: ஓர் ஆண்டில் மூன்று நிகழ்ச்சிகள்

சிங்கப்பூர்த் தமிழர் வாழிடத்தின் வரலாற்றில் 1989ஆம் ஆண்டு தனியே குறித்துவைக்கத்தக்கது. அவ்வாண்டில் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகளைப் பொதுவாக எவரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. சேர்த்துப் பார்த்தால்தான் இன்றைய நிலை புலனாகும்.

முதலாவது, மார்ச்சு மாதத்தில் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை. தாமே விரும்பி வீடு மாறிக்கொண்டதன் விளைவாக இனவாரிக் குடியிருப்புகள் மீண்டும் தலைதூக்குவதை அரசு கண்டது. அதற்குக் காட்டப்பட்ட சான்றுகளுள் பிடோக்கும் ஒன்று: பிடோக்கிலும் தெம்பினிஸிலும் மலாய் மக்கள் நூற்றுக்கு முப்பதின் மேல் இருந்தனர், ஹவ்காங்கில் சீனர் நூற்றுக்குத் தொண்ணூறின் மேல் இருந்தனர். அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் சு. தனபாலன், ஒவ்வோர் அக்கம்பக்கத்திலும் ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வோர் இனத்தாரும் இத்துணை விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்னும் வரம்பை அறிவித்தார். இந்தியரும் ஏனையோரும் அடங்கிய பிரிவிற்கு அக்கம்பக்கத்தில் 10 விழுக்காடும் கட்டடத்தில் 13 விழுக்காடும் உச்சவரம்பாயின. 2010ஆம் ஆண்டில் இவை முறையே 12 ஆகவும் 15 ஆகவும் உயர்த்தப்பட்டன.

இரண்டாவது, ஜூலை மாதத்தில் சிராங்கூன் சாலையைச் சூழ்ந்த லிட்டில் இந்தியா பாதுகாக்கப்படும் வட்டாரமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. பழைய கடைவீடுகளை இடித்தழிக்கலாகாது என்னும் காப்பு அவற்றுக்குக் கிடைத்தது.

மூன்றாவது, நவம்பர் 4ஆம் நாள் பிடோக் பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டது.

இம்மூன்றும் சேர்ந்து உரைப்பது யாது? தமிழனின் வீடு வேறிடம், தமிழனின் தெரு வேறிடம் என்னும் நிலை அவ்வாண்டில் உறுதிப்பட்டது. சட்டம் வீடுகளைப் பரப்பிற்று; மற்றொரு சட்டம் தெருவைக் காத்தது; ரயில் போக்குவரத்திற்கு வழி செய்தது. கோயிலும் மளிகையும் பூமாலையும் நகைக்கடையும் சிராங்கூன் சாலையில் நிலைபெற்றன. படுக்கையும் பிள்ளைகளும் பிடோக்கில் இருந்தன. லிட்டில் இந்தியாவுக்கென ரயில் நிலையம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. 2017ஆம் ஆண்டு அக்டோபரில் டௌன்டவுன் ரயில்பாதை கிழக்கே நீண்டபின், பிடோக் நார்த்திலிருந்து வண்டி மாறாமலே அங்குச் செல்லலாம். இன்று இடத்தொலைவு சுருங்கிவிட்டது. எனினும் வாரத்திற்கொருமுறை சென்று காணும் தெருவும், நாள்தோறும் கதவைத் திறந்தவுடன் காணும் தெருவும் குழந்தையின் நாவிற்கு ஒன்றாகிவிடா.

இக்கொள்கையைத் தமிழர்க்கு எதிரானதென்று கொள்வது பிழை. பல மொழியினர் கலந்து வாழும் நகரம் தமிழர்க்கு அயலான எண்ணமும் அன்று. புகார்த் துறைமுகத்தில் பல நாட்டார் பல மொழி பேசிக் கலந்தினிது உறைந்தனர் என்று பட்டினப்பாலை பாடுகின்றது. 1964ஆம் ஆண்டின் இனக்கலவரங்களைக் கண்ட ஒரு சிறு நாடு, அடுத்த வீட்டில் வேற்றினத்தான் வாழவேண்டும் என்று வலியுறுத்தியதில் பொருள் உண்டு. ஆனால் ஒரு கொள்கையின் நன்மையை ஏற்பவர் அதன் விளைவையும் அறிந்திருத்தல் வேண்டும். சீனர் பெரும்பான்மையினர், கலந்து வாழினும் ஒவ்வொரு கட்டடத்திலும் அவர்க்குத் துணை உண்டு. நூற்றுக்கு ஒன்பது பேரான இந்தியருள்ளும் ஒரு பகுதியினரான தமிழர், ஒரு மாடியில் தமக்கு இன்னொரு தமிழ்க் குடும்பம் அண்டையாக அமையும் என்று எதிர்பார்த்தற்கில்லை.

பள்ளியும் வீடும்

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைத்தாகவேண்டும் என்று மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகளின் வறுமை யாவரும் அறிந்ததே: ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், பல வகுப்புகள். ஆனால் பள்ளிக்கு வெளியே பிள்ளையைச் சூழ்ந்திருந்தது தமிழ். குடியிருப்பு வரிசையிலும் குழாயடியிலும் கோயில் திடலிலும் அவன் கேட்டதெல்லாம் தமிழே. ஆசிரியர் எழுத்தை மட்டும் கற்பித்தாற் போதும். பேச்சைத் தோட்டமே கற்பித்தது.

சிங்கப்பூரில் தமிழ்க்கல்வி தொடங்கிய காலம் முதலே ஆசிரியர்ப் பற்றாக்குறை அதனைத் தொடர்ந்தது. 1834ஆம் ஆண்டில் சிங்கப்பூர் இலவசப் பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பு ஆசிரியரும் பாடநூலும் இன்றி விரைவில் நின்றுபோயிற்று. போருக்குப் பின், கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் 1946ஆம் ஆண்டில் நிறுவிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. ஆங்கிலக் கல்வியின்பால் பெற்றோர் சாய்ந்தமையாலும், தமிழர் புதுநகரங்களுக்குப் பரவிச் சென்றமையாலும் தமிழ்ப்பள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. உமறுப் புலவர் பள்ளியும் 1982ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதுவே இறுதித் தமிழ்ப்பள்ளி. அப்பெயரைத் தாங்கிப் பீட்டி சாலையில் இன்று விளங்குவது உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம்.

தமிழ் மறைந்துவிடவில்லை. ஆட்சிமொழிகள் நான்கனுள் அது ஒன்று. தாய்மொழிப் பாடம் தொடக்கப்பள்ளியில் 1960 முதலும் உயர்நிலைப் பள்ளியில் 1966 முதலும் கட்டாயமாயிற்று. தமிழகத்தின் எந்நகரத்தாரும் வியக்கும் வண்ணம் அந்நாட்டு அரசு அறிவிப்புகளில் தமிழ் இடம்பெறுகின்றது. ஆனால் ஆட்சிமொழி என்னும் நிலை வீட்டுமொழி என்னும் நிலையைத் தானே காத்துவிடாது. வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்று கூறியோர் 2010ஆம் ஆண்டில் நூற்றுக்கு 3.3 பேர், 2020ஆம் ஆண்டில் 2.5 பேர். அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டிற்கு ஏறிற்று.

இச்சரிவிற்குக் குடியிருப்பு முறை ஒன்றே காரணம் என்பது பொருந்தாது. சிராங்கூன் சாலையிலேயே எல்லாரும் வாழ்ந்திருந்தாலும் பள்ளியும் தொழிலும் ஆங்கிலத்தையே முன்னிறுத்தியிருக்கும். சீன வீடுகளிலும் ஆங்கிலம் ஏறியிருப்பது இதற்குச் சான்று. ஆயினும் முன்பு பள்ளி, தெரு, வீடு என்னும் மூன்று தூண்கள் தாங்கிய மொழியை இன்று பள்ளியின் ஒரு பாடமும் வீடும் மட்டுமே தாங்குகின்றன. தெரு என்னும் தூண் விலகிவிட்டது. அத்தூணின் பளுவையும் வீடே சுமந்தாகவேண்டும் என்பதை அறியாமல் குடிபுகும் குடும்பம், தன் பிள்ளைகளின் தமிழை ஐந்தாறு ஆண்டுகளில் இழக்கின்றது. இழந்தபின் ஆசிரியரைக் குறைகூறுகின்றது.

குடிபுகுவோர் முன்னறிய வேண்டுவன

மேற்கூறிய வரலாற்றிலிருந்து, பிடோக் போன்ற நகருக்குச் செல்வோர் முன்னதாக அறியவேண்டியவை தாமே புலப்படும்.

வீடு வாங்கும் உரிமை பணத்தால் மட்டும் வருவதன்று. குடியுரிமை நிலை என்ன, அக்கட்டடத்தில் இன வரம்பு நிரம்பியுள்ளதா என்பவற்றைப் பேச்சு முடிப்பதற்கு முன்பே கேட்டறிதல் வேண்டும். வரம்பு நிரம்பிய கட்டடத்தில் சீனர் ஒருவர் தம் வீட்டை இந்தியர்க்கு விற்க முன்வந்தாலும் கழகம் ஒப்பாது. வாங்கும் நாளில் மட்டுமன்றி, விற்கும் நாளிலும் இவ்வரம்பு குறுக்கிடும் என்பதை மறத்தலாகாது. மேலும், இவ்வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில் தரப்படுவன. தலைமுறை தலைமுறையாக ஆளும் பட்டா நிலம் என்று நம் ஊர் வழக்கில் எண்ணிப் பழைய வீட்டை வாங்குவோர், குத்தகையில் எஞ்சிய ஆண்டுகளை எண்ணிப் பார்த்தல் நன்று.

பள்ளி அருகில் உள்ளதா என்று கேட்பவர், அப்பள்ளியில் தமிழ் வகுப்பு உள்ளதா என்றும் கேட்கவேண்டும். தமிழ் மாணவர் எண்ணிக்கை போதாத பள்ளிகளின் பிள்ளைகள், பள்ளி முடிந்தபின் வேறோரிடத்திலுள்ள நிலையத்திற்குச் சென்று தமிழ் கற்கவேண்டியிருக்கும். களைத்த குழந்தை மாலையில் பேருந்தேறிச் சென்று கற்கும் மொழி, அக்குழந்தைக்குச் சுமையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. வீடு பார்க்கும் நாளிலேயே இதனை எண்ணியோர் அச்சுமையைத் தவிர்க்கலாம்.

அண்டை வீட்டார் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருப்பர். திருமணமும் இறப்பும் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே நிகழும். இன்று ஒருவர் வீட்டு மணம், நாளை இன்னொருவர் வீட்டுத் துக்கம். அவர்தம் வழக்கங்களை அறிந்து மதித்து நடப்பவர்க்கே அந்நகர் ஊராகும். தமிழை விடாமல் காப்பதும் பிறரோடு ஒட்டி வாழ்வதும் முரண்பட்டவை அல்ல. தன் வீட்டில் தமிழும் மின்தூக்கியில் நல்ல மலாயும் பேசிய முதியோர் அந்நாட்டில் ஏராளம்.

தமிழ்த்துணை தானே தேடி வராது என்பதும் அறியத்தக்கது. சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள், பொது நூலகங்களின் தமிழ்ப்பகுதி, 2007 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் தமிழ்மொழி விழா ஆகியவை உள்ளன. தெரு செய்த வேலையின் ஒரு பகுதியை இவை செய்யவல்லன. ஆனால் தெரு, வெளியே வந்தவனைத் தானே அணைத்துக்கொண்டது. இவற்றையோ நாம் நாடிச் செல்லவேண்டும்.

உறவினரும் நண்பரும் கூறும் செய்தி உதவும். எனினும் அஃதொன்றே போதாது. மதுரையில் கண்ணகிக்கு அடைக்கலம் தந்த மாதரி அன்பிற் குறைந்தவள் அல்லள். ஆனால் அவள் நன்கறிந்தது ஆயர்சேரியை, அரண்மனையை அன்று. முன்சென்று குடியேறியவர்க்கும் தாம் வாழும் மாடியும் தாம் வந்த காலத்து விதியுமே தெரிந்திருக்கும். விதிகள் மாறுகின்றன, பத்துக்கு இருந்த வரம்பு பன்னிரண்டானதைப்போல. ஆதலால் உறவினர் சொல்லைக் கேட்டபின், அரசின் விதியையும் நேரே கேட்டறிதல் முறை.

பழைய கப்பற்பயணிக்கு வேண்டியிருந்தது ஓர் ஆளின் பெயர். இன்றைய பயணிக்கு வேண்டியது ஊரின் அமைப்பைப் பற்றிய அறிவு. முன்னது அடிமைத்தனத்தையும் தந்தது, மொழிக்குக் காப்பையும் தந்தது. பின்னது உரிமையைத் தருகின்றது. காப்பை நம்மிடமே விட்டுவிடுகின்றது. பிடோக்கில் இன்று ஊரைக் கூட்ட முரசு முழங்குவதில்லை. பன்னிரண்டாவது மாடியிலுள்ள ஒரு வீட்டில் உணவு நேரத்தில் பிள்ளைகளோடு தாய்தந்தையர் பேசும் பேச்சே அங்குத் தமிழின் முரசு. அஃது அவ்வீட்டின் நான்கு சுவர்களுக்குள் மட்டுமே கேட்கும். அவ்வளவே போதும் என்று எண்ணி அதனை நாள்தோறும் முழக்கும் குடும்பங்கள் எத்துணை உள்ளனவோ, அத்துணையே அந்நகரில் தமிழின் வருங்காலமாகும்.